வந்தாச்சு, வந்தாச்சு

முதுகைத் திருப்பிப் போடுகிற நேரம் பார்த்துத்தான் அந்த வண்டி தெருவுக்குள் நுழையும். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று மைக் சத்தியம் பண்ணுவார். மனைவி ஒரு கையைத் தோளுக்கும் இன்னொரு கையை இடுப்புக்கும் கொடுத்து, மூச்சைப் பிடித்து அவரை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகுக்கு அண்டையாகத் தலையணையைச் செருகிக்கொண்டிருப்பாள். சரியாக அப்போது தெருமுனையிலிருந்து வரும், அவருடைய குரலே.

"வந்தாச்சு, வந்தாச்சு! உங்க வீட்டுக்கு நல்ல காலம் வந்தாச்சு! கட்டில் வேணுமா, பீரோ வேணுமா, காலை நீட்டிச் சாய சோபா வேணுமா? வாங்கம்மா, வாங்கய்யா, நம்ம பெரிய கடைக்கு!"

கடைசியில் ஒரு சிரிப்பு. தொண்டையிலேயே உருட்டி உருட்டி வெளியே விடுகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்கவே பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் ஓடிய காலம் உண்டு.

"நாசமாப் போறவனே," என்பார் மைக், சுவரைப் பார்த்தபடி.

"அது நீங்கதான். உங்களையே நீங்க திட்டிக்கிறீங்க."

"நான் இல்லடி. நான்தான் செத்துட்டேனே. அது என் ஆவி. சம்பளம் இல்லாம வேலை பாக்குது."

அவருக்கு மைக் என்று பேர் வைத்தது ஊர். சொந்தப் பேர் ஒன்று இருந்தது, அதை ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் எழுதினார்கள். பத்து வருஷம் பெரிய கடையின் விளம்பர வண்டியில் பின்பக்கம் உட்கார்ந்து, வெயிலென்றும் புழுதியென்றும் பாராமல் கூவிக் கூவி அந்தக் கடையை ஊர் வாயில் போட்டவர் அவர்தான். கடை வாசலில் ஒலிக்கிற ரெக்கார்டும் அவர் குரல்தான். மழை பெய்த ஒரு நாள், முதலாளியின் மச்சான் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு வண்டியை வளைவில் திருப்பினான். வண்டி பள்ளத்தில் உருண்டது. மச்சானுக்கு முழங்கையில் சிராய்ப்பு. மைக்குக்கு மார்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

இதுகூடப் பரவாயில்லை என்பார் அவர். விபத்து யாருக்கும் நடக்கும். ஆனால் போலீஸ் வந்து கேட்டபோது முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "அந்த ஆளா? எங்க கடை ஆள் இல்லீங்க. வழியில கை காட்டுனாரு. பாவம்னு ஏத்திக்கிட்டோம்."

சம்பளத்தைக் கையில் வாங்கிப் பழகிய மனிதர். வேலை பார்த்தார் என்பதற்குத் துண்டுக் காகிதம் கிடையாது. அத்தோடு கேஸ் முடிந்தது. மனைவி ஒருநாள் மத்தியானம் முழுக்கக் கடையில் போய் நின்றாள். விற்பனைக்கு வைத்திருந்த சோபாவில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காததில், அவளை உட்காரச் சொல்லி முதலாளி அதே வாக்கியத்தை அவளிடமும் சொன்னார். கொஞ்சம்கூடக் குரல் உயர்த்தாமல், தண்ணீர் வேணுமா என்று கேட்டுவிட்டுச் சொன்னார். எழுந்தபோது காலில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு வந்ததை இப்போதும் சொல்வாள். கடைக்காரர்கள் வண்டியைத் தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, பழைய ரெக்கார்டையே போட்டு மறுபடி ஓட விட்டார்கள். யாரோ கை காட்டி ஏறியவன் என்றால் அவன் குரல் எதற்கு? இதைக் கேட்க ஆள் இல்லை.

அந்த ஒரு வாக்கியத்தை அதே வாய் திருப்பிச் சொல்ல வேண்டும். மைக்குக்கு வேறு எதுவும் வேண்டாம். "என் ஆளுதான்னு அவன் வாயால சொல்லணும். ஊர் கேக்கச் சொல்லணும். அப்புறம் நான் செத்தாலும் சரி," என்பார்.

"சொல்லிக் கிழிச்சான்," என்பாள் மனைவி. "வாயத் தொறங்க, மாத்திரை."

வியாபாரம் ஆரம்பித்ததும் அவளால்தான். காய்கறி வண்டிக்காரர் ஒருவர் தொண்டை கட்டி, வெங்காயத்தைக்கூட சைகையில் விற்றுக்கொண்டிருந்தார். அவர் வண்டியில் சின்ன ஸ்பீக்கர் இருந்தது, கூவத்தான் ஆள் இல்லை. இவள் வீட்டுக்கு வந்து, "ஏங்க, சும்மாதான படுத்திருக்கீங்க, அந்த மனுஷனுக்கு ரெண்டு வார்த்தை பேசிக் குடுங்களேன்," என்றாள்.

"என் குரல் போச்சுடி."

"குரல் எங்க போச்சு? என்னைத் திட்டுறப்ப மட்டும் வருதில்ல?"

குரல் போகவில்லை. மூச்சுதான் போயிருந்தது. வயிற்றுத் தசை வேலை செய்யாததால் காற்றை உந்தித் தள்ள முடியவில்லை. ஒரே மூச்சில் கட்டிலிலிருந்து சோபாவரை கூவி முடித்தவர், 'வந்தாச்சு' என்பதற்குள் நின்றுபோனார். ஆஸ்பத்திரியில் வயிற்றுக்கு இறுக்கமான பட்டை கட்டிவிடுவார்களே, அந்த ஞாபகத்தில் மனைவி அகலத் துண்டு ஒன்றை எடுத்து, விலாவுக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, முழங்காலைச் சக்கர நாற்காலியில் ஊன்றி இழுத்து முடிந்தாள். "எங்கே, இப்பக் கத்துங்க." கத்தினார். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தது.

அடுத்தது எதிரொலி. வீடு சின்னது, வெற்றுச் சுவர். போனில் பதிந்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. துணி அலமாரியைத் திறந்து வைத்து, கம்பளியையும் போர்வையையும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, நடுவில் போனைச் சட்டை ஹேங்கரில் கட்டினாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் அவர் தலையை அதற்குள் விட்டாள். பாச்சை உருண்டை நாற்றத்துக்கு நடுவே, முகத்தில் அவளுடைய பழைய பாவாடை உரச, மைக் கூவினார்: "தக்காளி பாரம்மா, தக்காளி! கன்னம் மாதிரித் தக்காளி!"

காய்கறி வண்டிக்காரர் சாயங்காலமே காலி வண்டியோடு வந்து வாசலில் நின்றார். மனைவி போனில் இருக்கிற குழுக்களில் எல்லாம் ஒரு வரி போட்டுவிட்டாள்: 'உங்கள் வண்டிக்குக் குரல் வேண்டுமா? எழுதி அனுப்புங்கள், பேசி அனுப்புகிறோம்.' முதல் என்று பார்த்தால் பழைய போன், ஒரு துண்டு, அலமாரி. மீன்காரர் வந்தார், பிளாஸ்டிக் வாளிக்காரர் வந்தார், கத்தி சாணை பிடிக்கிறவர், பழைய பேப்பர்காரர் எல்லோரும் வந்தார்கள். மைக் பார்த்தே இராத ஊர்களிலிருந்துகூடக் கேட்டார்கள். பேசி அனுப்பினால் பணம் போனிலேயே வந்துவிடும்.

வேலை சுலபமில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினால் நிறுத்த வேண்டும். மழை தகரத்தில் விழுந்தால் நிறுத்த வேண்டும். துண்டு நழுவினால் குரல் தொங்கும், மறுபடி கட்ட வேண்டும். அதிக நேரம் உட்கார்ந்தால் புண் வந்துவிடும் என்று இடையிடையே அவரை முன்னால் சாய்த்துப் பிடித்திருக்க வேண்டும். அவர் அலமாரிக்குள் இருந்தபடியே அவளை அதட்டுவார், அவள் வெளியே இருந்து அவரை அதட்டுவாள். சில சமயம் அதுவும் பதிவாகிவிடும். ஒரு தடவை மீன்காரர் ஸ்பீக்கரில், "வஞ்சிரம், சங்கரா, அடியே கழுத்து வலிக்குதுடி," என்று தெருத் தெருவாகப் போனது. அன்றைக்கு மீன் நன்றாக விற்றதாம்.

இப்படி இருக்கையில்தான் பூச்சி மருந்துக்காரர் வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள், சைக்கிளில் ஒரு பெட்டி, மூட்டைப்பூச்சிப் பொடியும் அடிக்கிற மருந்தும் விற்கிறவர்.

"அண்ணே, எனக்கும் ஒண்ணு பேசிக் குடுங்க. எங்கேயும் நின்னு பாக்க மாட்டேங்குறாங்க. மூட்டைப்பூச்சின்னாலே முகத்தத் திருப்பிக்கிறாங்க."

"திருப்பத்தான் செய்வாங்க. எங்க வீட்டுல இருக்குன்னு எவன் ஒத்துக்குவான்?" என்ற மைக், திடீரென்று நிறுத்தினார். மனைவி டீ டம்ளரோடு அவரைப் பார்த்தாள். கண்ணில் ஏதோ ஏறியிருந்தது. இந்தப் பார்வையை அவள் விபத்துக்கு அப்புறம் பார்த்ததில்லை.

"மூட்டைப்பூச்சி எங்க இருக்கும்?" என்றார்.

"கட்டில்ல, மெத்தையில, சோபாவுல," என்றார் மருந்துக்காரர் வெள்ளந்தியாக.

"துண்டைக் கட்டுடி. நல்லா இறுக்கிக் கட்டு."

"வேண்டாங்க," என்றாள் அவள், என்னவென்று புரிந்துபோய். "பெரிய இடம். நாளைக்கு நம்மளை இருக்கவே விட மாட்டாங்க."

"என்ன பண்ணுவான்? காலை ஒடிப்பானா?"

அவள் கட்டினாள். அவர் அலமாரிக்குள் தலையை விட்டார். அதே ராகம், அதே இழுப்பு, ஒரு இம்மி மாறவில்லை.

"வந்தாச்சு, வந்தாச்சு! உங்க வீட்டுக்கு மூட்டைப்பூச்சி வந்தாச்சு! புதுக் கட்டில் வாங்குனீங்களா? புது மெத்தை வாங்குனீங்களா? காலை நீட்டிச் சாய சோபா வாங்குனீங்களா? கடிக்குதாம்மா, கடிக்குதாய்யா? வாங்க, நம்ம மருந்துக்கு!"

கடைசியில் அந்தச் சிரிப்பு.

பூச்சி மருந்துக்காரர் சைக்கிளை நேராகப் பெரிய கடை எதிரில் கொண்டுபோய் நிறுத்தினார். கடை வாசலில் மைக்கின் குரல் நல்ல காலம் வந்தாச்சு என்று முடித்ததும், ரோட்டுக்கு இந்தப் பக்கம் மைக்கின் குரல் மூட்டைப்பூச்சி வந்தாச்சு என்று தொடங்கும். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. யாரோ போனில் படம் பிடித்தார்கள், அது போன் போனாகப் பறந்தது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வாண்டுகள் கடையைக் கடக்கும்போது முதுகைச் சொறிந்துகொண்டே போயின. கட்டில் வாங்க உள்ளே நுழைந்த புது ஜோடி ஒன்று மெத்தையை விரலால் தூக்கி அடியில் பார்த்துவிட்டு வெளியே வந்தது. அப்புறம் அதற்குப் பெரிய கடை என்ற பேரே போய்விட்டது. "எங்கப்பா இறங்கணும்?" "மூட்டைப்பூச்சிக் கடை ஸ்டாப்புல."

மைக் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கித் தின்றார். மருந்துக்காரர் போன் செய்தால், "அப்புறம்? அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு? சொல்லு, நிதானமாச் சொல்லு," என்பார். மனைவி மார்க்கெட்டிலிருந்து வேறு முகத்தோடு வந்தாள்.

"கடையில பில் போடுமே, அந்தப் பொண்ணு. என்னைப் பாத்து அழுதுச்சுங்க. ஆளைக் குறைக்கப் போறாங்களாம்."

"அன்னைக்கு சாட்சி சொல்ல வான்னு கூப்பிட்டப்ப வாயில என்ன வச்சிருந்தா?"

"அது சின்னப் பொண்ணு."

"நான் சின்னப் பையனா? எனக்கு யார் அழுதா?"

அவள் அரிசி களைந்த தண்ணீரைச் சத்தமாகக் கொட்டினாள். அவருக்கு மனசு ஒரு ஓரத்தில் குத்தத்தான் செய்தது. குத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

முதலாளி வந்தது ஒரு காலை வேளையில். மைக் அலமாரிக்குள் தலையை விட்டு வாளிக்காரருக்குப் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் கார் நின்றது. கடைப் பையன்கள் இரண்டு பேர் புது மெத்தையைத் தூக்கி வந்து சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார்கள். பின்னாலேயே முதலாளி, வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இல்லாமல்.

"நிறுத்துடி," என்றார் மைக். அவள் அலமாரிக்குள் கையை விட்டு எடுத்தாள். நாற்காலியை இழுத்துத் திருப்பினாள்.

"என்னப்பா மைக், எப்படி இருக்க?" முதலாளி நின்றபடியே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "உனக்குப் புண்ணு வருதுன்னு சொன்னாங்க. நம்ம கடையிலயே ஒசந்த மெத்தை. வச்சுக்க."

"உக்காருங்க மொதலாளி," என்றாள் மனைவி. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைக்காமல் நகர்த்திப் போட்டாள்.

அவர் நுனியில் உட்கார்ந்தார். "சுத்தி வளைக்காமச் சொல்றேன். அந்தப் பூச்சி மருந்து ரெக்கார்டை நிறுத்தச் சொல்லு."

"அது அவர் பொழைப்பு மொதலாளி. நான் எப்படி நிறுத்தச் சொல்றது?"

"வேற யாரையாவது வச்சுப் பேசச் சொல்லு. ஊருல குரலா இல்ல?"

"குரல் இருக்கு. என் குரல் அவருக்குப் பிடிச்சிருக்கு. நான் என்ன பண்ண?"

"விளையாடாத மைக். அந்தக் குரலைக் கேட்டா ஜனங்களுக்கு என் கடைதான் ஞாபகம் வரும். உனக்கே தெரியும். தெரிஞ்சுதான் பண்ற."

"அது எப்படி மொதலாளி?" மைக் ரொம்பப் பணிவாகக் கேட்டார். அந்தப் பணிவைக் கேட்டு மனைவி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றுகொண்டாள். "நான் யாரு? வழியில கை காட்டுனவன். பாவம்னு ஏத்திக்கிட்டீங்க. கை காட்டுனவன் குரலுக்கும் உங்க கடைக்கும் என்ன சம்பந்தம்?"

முதலாளியின் கழுத்து சிவந்தது. ஊசிப்போன சரக்கைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். கடைக்கு முன்னால் கிடக்கிற நிழலையே தன்னுடையது என்று சொல்லி, அதில் நின்ற பழக்காரரை விரட்டியவர். தன் கண் முன்னால் தன் சொத்தை ஒருவன் உன்னுடையது இல்லை என்கிறான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சம்பந்தமா? யாரு வளத்த குரல்டா அது? பத்து வருஷம் என் சம்பளத்துல தின்னுட்டு, என் மைக்கைப் பிடிச்சுப் பழகிட்டு, நான் சொல்லிக் குடுத்த வசனத்தை எவனோ பூச்சிக்காரனுக்கு விக்கிற! 'வந்தாச்சு'ங்குறது யார் வசனம்? என் வசனம்! அந்தச் சிரிப்பு இருக்கே, அதுவும் என் கடைக்குச் சொந்தம்!"

"அது பழைய கதை மொதலாளி. வண்டி கவுந்த அன்னைக்கு நான் உங்க ஆள் இல்லையே."

"யாரு சொன்னா? அன்னைக்கும் என் வண்டியில, என் வேலையத்தானடா பாத்துக்கிட்டிருந்த! காலையில நான்தான உன்னை அனுப்புனேன்! என் மச்சான்தான ஓட்டுனான்! என்கிட்ட வேலை பாத்தவன் குரல், எனக்குத்தான் சொந்தம்!"

சொல்லி முடித்ததும் அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். வாயைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் அவர்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை என்று பார்த்ததும் தைரியம் திரும்பியது.

"இதை நீ வெளியில சொன்னா எவனும் நம்ப மாட்டான். மரியாதையா நிறுத்திடு. மெத்தையை வச்சுக்க."

"யோசிச்சுச் சொல்றேன் மொதலாளி," என்றார் மைக்.

கார் கிளம்பிப் போனது. எத்தனை காலமாகக் காத்துக் கிடந்த வார்த்தை! வந்தது, நாலு சுவருக்குள் வந்து செத்துப்போனது. மைக்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சொல்லிட்டான்டி. எல்லாத்தையும் சொல்லிட்டான். யாருக்கும் கேக்கலையே," என்று நாற்காலிக் கைப்பிடியில் குத்தினார்.

மனைவி அலமாரிக்குப் போனாள். போர்வையை விலக்கி, ஹேங்கரிலிருந்து போனை அவிழ்த்துக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். திரையில் சிவப்புப் புள்ளி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

"நிறுத்தச் சொன்னேனே."

"மறந்துட்டேன்," என்றாள்.

உப்பு டப்பாவின் மூடியைக்கூட மறக்காதவள் அவள். மைக் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குப் பின்னால் எதையோ உரித்துப் போடுவதுபோல் புடவையைத் தட்டிவிட்டாள்.

"அந்த சோபாவுல நான் உக்காந்திருந்தப்ப," என்றாள், "எனக்குத் தண்ணி வேணுமான்னு கேட்டாரு. கேட்டுட்டுத்தான் அதைச் சொன்னாரு."

மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தப் பதிவை வெட்டினார்கள். மெத்தைப் பேச்சை நீக்கினார்கள், மிரட்டலை நீக்கினார்கள். "முன்னால உங்க குரல்ல 'வந்தாச்சு' சேக்கலாமா?" என்று அவள் கேட்டாள்.

"வேண்டாம். என் குரல் வேண்டாம். அவன் மட்டும் பேசட்டும்."

"வக்கீல்கிட்ட இதைக் கொண்டு போகணும்ங்க."

"போவோம். முதல்ல தெரு. அப்புறம் வக்கீல்."

காய்கறிக்காரர், மீன்காரர், வாளிக்காரர், சாணை பிடிக்கிறவர், பழைய பேப்பர்காரர் என்று ஊருக்குள் ஸ்பீக்கர் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அது போயிற்று. பூச்சி மருந்துக்காரர் நேரிலேயே வந்து, சுவரில் சாய்ந்திருந்த மெத்தையைப் பார்த்து, "அண்ணி, இது உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டார். "தூக்கிட்டுப் போங்க," என்றாள்.

மறுநாள் மைக் படுக்கவே மாட்டேன் என்றுவிட்டார். துண்டைக் கட்டச் சொன்னார். பேசப் போவதில்லையே, எதற்கு என்று அவள் கேட்டதற்கு, நிமிர்ந்து உட்கார வேண்டும் என்றார். இழுத்துக் கட்டினாள். பூச்சி மருந்துக்காரர் கடை எதிரிலிருந்து கூப்பிட்டார். போனை மேசைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

முதலில் பஸ் இரைச்சல். அப்புறம் அந்தக் குரல், ஸ்பீக்கரில் கரகரத்துக்கொண்டு.

"பத்து வருஷம் என் சம்பளத்துல தின்னுட்டு... அன்னைக்கும் என் வண்டியில, என் வேலையத்தானடா பாத்துக்கிட்டிருந்த! காலையில நான்தான உன்னை அனுப்புனேன்! என் மச்சான்தான ஓட்டுனான்!"

முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு ஸ்பீக்கர் அதையே பின்னால் பாடியது. மீன்காரராக இருக்கும். வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெருமுனையில் காய்கறி வண்டியும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தது, தக்காளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போனில் கூட்டம் சலசலத்தது. யாரோ, "படுத்துக் கிடக்காரே மைக்கு, அவரைத்தான் சொல்றாரு. கை காட்டி ஏறுனவன்னு சொன்னாங்களேப்பா," என்றார்கள். "பாரு, பாரு, அவரே வர்றாரு," என்றது ஒரு பெண் குரல். செருப்புச் சத்தம் நெருங்கியது.

"நிறுத்துடா அதை!" முதலாளிதான்.

"ஏன் மொதலாளி?" பூச்சி மருந்துக்காரர் கேட்டார். "உங்க குரல்தான?"

"என் குரலா? இது நான் இல்ல! எவனோ! எவனோ ஒருத்தன் பேசியிருக்கான்!"

ரோடு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கவே இல்லை, போன் அதிர்ந்து மேசையில் நகர்ந்தது.

மைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. ஒரு வார்த்தை விடாமல், மூச்சு வாங்கின இடம்கூட விடாமல், அவருக்கு எல்லாம் நன்றாகவே கேட்டிருந்தது. மனைவி போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இன்னொரு தடவ போடுங்க. எங்க வீட்டுக்காரருக்குச் சரியாக் கேக்கலையாம்."